வடிக்கக்கூடாத பானை

சோதிலிங்கத்தை நம்பி அதுவரை எவரும் அடுப்பை ஒப்படைத்ததில்லை. மேடையை ஒப்படைத்திருக்கிறார்கள். ஒலிவாங்கியை ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வாங்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். ஒருமுறை தேர்த்திருவிழாவில் சனத்தை ஒழுங்குபடுத்தும் பொறுப்பைக் கொடுத்து, கடைசியில் சனம் சேர்ந்து அவரை ஒழுங்குபடுத்த வேண்டி வந்தது. அப்படிப்பட்டவர் 2007ஆம் ஆண்டு மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், ஒஸ்லோவின் ஹவுகெட்டோவில், எதிர்வீட்டுக்காரியின் சமையலறையில், கொதிக்கிற பானையின் முன்னால் தன்னந்தனியே நின்றாரென்றால், அது அவருடைய வாய் தேடிக்கொண்ட வினை.

ஒஸ்லோத் தமிழருக்குச் சங்கங்கள் குறைவில்லை. இரண்டு பேர் ஒரே பஸ்ஸுக்குக் காத்து நின்றால் ஒருவர் தலைவராகிவிடுவார். மற்றவர் கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் புதுச் சங்கம் தொடங்குவார். சோதிலிங்கம் தொடங்கியது ‘தொல்தானிய மீட்புக் கழகம்’. வைத்தியர் அவருக்கு நீரிழிவு என்று சொன்ன கிழமையில்தான் அது உதித்தது. வெள்ளைச் சோறு தன்னை ஏமாற்றிவிட்டது என்று இன்னொருவர் மனவருத்தப்பட்டு விட்டிருப்பார். சோதிலிங்கமோ அதை ஓர் இனத்தின் வரலாற்றுத் துயரமாக விரித்து, கடிதத்தாளும் அடித்துவிட்டார். கழகத்தில் தலைவர், உபதலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாரும் உண்டு. உறுப்பினர்தான் இல்லை.

அவருடைய பெயர்போன உரை ‘இறுங்கும் இனமும்’. இறுங்கு என்றால் இந்தியத் தமிழர் சோளம் என்று சொல்லுகிற அந்தச் சின்ன உருண்டைத் தானியம். அதை உலகுக்கு ஈந்தவன் தமிழன் என்று சொல்லும்போது அவருடைய வலது கை தானாக உயரும். உரை முடிந்து வீட்டுக்கு வந்து, மீன்குழம்போடு வெள்ளைச் சோறு சாப்பிடுவார். மனைவி சத்தியபாமா தட்டைப் பார்ப்பாள். மீட்பு என்பது படிப்படியாக நிகழ்வது என்று அவர் விளக்குவார். இறுங்கு ஒரு பானையில் வேகிறதை அவர் தம் வாழ்நாளில் கண்டதில்லை. கண்டீர்களா என்று எவரும் கேட்டதுமில்லை.

எதிர்வீட்டுப் புளோறன்ஸ் ஹெயிட்டி நாட்டுக்காரி. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படிப்பிக்கிறவள். பனியிலும் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு, வழுக்காமல் நடக்கிற நகரத்தின் ஒரே மனுசி என்று சத்தியபாமா சொல்லுவாள். இரண்டு பெண்களும் காலையில் ஒரே ரயிலில் போவதால் அவர்களுக்குள் சிநேகம். புளோறன்ஸின் கணவர் நோர்வேஜியர், பெயர் ஷெல். அந்தப் பெயரை யாராவது பின்னால் நின்று கூப்பிட்டால் யாழ்ப்பாணத்தவருக்கு எறிகணை விழுகிறதென்று குனிந்து படுக்கத்தான் தோன்றும். ஆள் என்னவோ பூனையைப் போலச் சாது.

போன இலையுதிர்காலத்தில் புளோறன்ஸ் மொன்றியாலிலிருந்து வந்த பொதியொன்றைத் தூக்கிக்கொண்டு படியேறினாள். பொதியின் மூலை கிழிந்து, வெளிறிய தானியம் படிப்படியாகச் சிந்தியது. பின்னால் வந்த சோதிலிங்கம் ஒரு மணியை எடுத்துப் பார்த்தார். படத்தில் பார்த்த பழக்கம். உடனே அடையாளம் கண்டுவிட்டார். இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் இடையிலே ‘இறுங்கும் இனமும்’ முழுவதையும் நோர்வேஜிய மொழியில் அவளுக்கு ஆற்றி முடித்தார். பிழையான விடை சொல்லுகிற மாணவன் சொல்லி முடிக்கட்டும் என்று காத்திருக்கும் ஆசிரியையின் பொறுமையோடு அவள் கேட்டாள். பொதியை மற்றத் தோளுக்கு மாற்றினாள்.

“எங்கள் ஊரில் இது பிட்டிமி. ஆப்பிரிக்காவிலிருந்து எங்களோடு ஒரே கப்பலில் வந்தது, கீழ்த்தட்டில். எங்களைப் போலவே அதையும் கேட்டுவிட்டு ஏற்றவில்லை.”

மறுமொழி வராத இடங்களில் சோதிலிங்கம் வழக்கமாகச் செய்வதைச் செய்தார். உதவி செய்ய முன்வந்தார். சமையலில் ஏதும் சந்தேகம் வந்தால் தயங்காமல் தன்னைக் கேட்கலாம் என்றார். வினை என்று முன்னே சொன்னது இதைத்தான்.

அந்தப் பொதி எதற்கு வந்தது என்பது பிறகு சத்தியபாமா சொல்லித்தான் தெரியும். எதையும் சிரிப்பில்லாமல் சொல்லத் தெரியாதவள், இதை மட்டும் சிரிக்காமல் சொன்னாள். புளோறன்ஸுக்கு வில்னேர் என்று ஒரு தம்பி. ஊரிலே வெள்ளம் வந்து வீடு போனது. தாய் வெள்ளத்துக்குத் தப்பி, அடுத்த வருடம் காய்ச்சலில் போய்விட்டாள். புளோறன்ஸ் செத்தவீட்டுச் செலவை அனுப்பினாள், போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு அவளிடம் நல்ல காரணங்கள் இருந்தன. நல்ல காரணங்களால் யாருக்கு என்ன ஆறுதல். தம்பி தொலைபேசியில் இரண்டே வசனம் சொன்னானாம்: காசு வந்தது, நீ வரவில்லை. அதற்குப்பிறகு இரண்டு வருடமாக அவன் கதைக்கவில்லை. அந்த அழைப்பு பருத்தித்துறையிலிருந்து வந்திருந்தாலும் ஒரு சொல் மாறியிருக்காது என்று சோதிலிங்கத்துக்குத் தெரியும். ஆகவே அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“இப்ப பத்து நாளுக்கு வாறனெண்டு ஓமெண்டிட்டான்” என்றாள் சத்தியபாமா. “வாறதெண்டாலும், தன்ரை சாப்பாட்டைத் தானே கொண்டு வாறானாம். அக்கா வெள்ளைக்காரியாப் போனாளாம், அவளின்ரை வீட்டிலை வாய் நனைக்கமாட்டானாம். இவள் அந்தப் பொதியைத் தொடாமல் வைச்சிருக்கிறாள், அவன் வாற அண்டைக்கெண்டு. ஒரு வாய் சாப்பிட்டானெண்டால் காணும் எண்டுறாள். தட்டைத் தள்ளி வைச்சானெண்டால், அதோடை சரி.”

மாசிச் சனிக்கிழமை வந்தது. விமானம் பின்னேரம் ஏழு மணிக்கு என்று கணக்கு. புளோறன்ஸ் மத்தியானமே தொடங்கிவிட்டாள். கறுத்த அவரைவிதை தனியே வெந்தது. உள்ளியும் வெங்காயத்தாளும் பார்சிலியும் தைம் தழையும் உரலில் இடிபட்டு, பச்சைக் களியாகி, எண்ணெயில் விழுந்தன. வாசம் கதவுக்குக் கீழால் ஊர்ந்து வந்து எதிர்வீட்டில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த தலைவரின் மூக்கைப் பிடித்தது. அவித்த அவரை வதங்கியது. அவித்த கறுத்த தண்ணீர் திரும்பவும் சேர்ந்தது. தேங்காய்ப்பால், கராம்பு, கடைசியாக ஊறப்போட்ட பிட்டிமி. அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

பாரிசில் எவரோ வில்னேரை முந்திய விமானமொன்றில் ஏற்றிவிட்டிருந்தார்கள். அவன் கார்டர்மூன் விமான நிலையத்தில் நின்றான். கோட்டு இல்லை. ஒருவரும் வரவில்லை. ஒருவரும் வராததில் தனக்குப் புதினம் எதுவும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஷெல் காரை எடுக்கக் கீழே ஓடிவிட்டார். சத்தியபாமாவுக்கு அன்று முதியோர் இல்லத்தில் வார இறுதி வேலை. புளோறன்ஸ் எதிர்க்கதவைத் தட்டியபோது திறந்தவர் சோதிலிங்கம். ஒரு கை கோட்டுக்குள்ளும் மறு கை வெளியேயுமாக நின்று, அவள் மூச்சுவிடாமல் சொல்லத் தொடங்கினாள். கிளறக்கூடாது. மேலே முழு மிளகாய் ஒன்று இருக்கிறது, அது வெடிக்கக்கூடாது, வெடித்தால் எல்லாம் போச்சு. தண்ணீர் முழுக்க உள்ளே போகவேண்டும். போனபிறகு சூட்டை ஒன்றாம் இலக்கத்துக்குக் குறைத்து மூடி வைக்கவேண்டும். ஒவ்வொன்றையும் அவள் முடிக்குமுன்பே சோதிலிங்கம் தலையாட்டினார். தலைவர்கள் தலையாட்டுவது கேட்டாயிற்று என்பதற்கல்ல, போதும் என்பதற்கு. தண்ணீர் பற்றிய சங்கதி சரியாக அவருடைய “யா, யா” என்ற நோர்வேஜிய ஓமுக்குக் கீழே அகப்பட்டு நசிந்துபோயிற்று.

படியில் இறங்கிய புளோறன்ஸ் நின்று திரும்பினாள்.

“தானியம் உங்களுடையது என்றீர்களே, தலைவரே. இன்றைக்கு அதைக் காப்பாற்றுங்கள்.”

பரிகாசம்தான். ஆனால் அவளுடைய கை கோட்டுப் பொத்தானைத் தவறான துளைக்குள் செருகிக்கொண்டிருந்தது. அதைக் கண்டபிறகுதான் சோதிலிங்கம் எதிர்வீட்டுச் சமையலறைக்குள் போனார்.

தடித்த அலுமினியப் பானை. அவர் மூடியைத் தூக்கினார்.

ஏதேனும் சொல்லுவதற்காக வாயைத் திறந்திருந்தார். எவரும் இல்லாவிட்டாலும் சொல்லுகிற பழக்கம் அவருக்கு உண்டு. நீராவி முகத்தில் அடித்து விலகியது, அவர் பார்த்தார், வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. ஊதாக் கறுப்புத் தண்ணீருக்குள்ளே ஆயிரக்கணக்கான மணிகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. அரிசி கொதிக்கும்போது ஒன்றையொன்று இடித்து, ஒட்டி, குழைந்து, கூட்டமாகப் போகும். இவை அப்படியல்ல. ஒவ்வொன்றும் தன் உருண்டையை விடாமல், தனித்தனியே சுழன்றது. சில மணிகள் அப்போதுதான் வாய் பிளந்திருந்தன. பிளவுக்குள்ளே பால் வெள்ளை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. பானைக்குள்ளே வேறொரு பனி, கீழிருந்து மேலே. இதைத்தானா இரண்டு வருடமாக மேடைமேடையாகப் பேசினேன் என்று அவர் தன்னையே கேட்டார். பேசியதில் ஒரு வார்த்தைகூட இதைத் தொடவில்லை என்பது வெட்கத்தைவிட ஆச்சரியத்தைத்தான் தந்தது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த மிளகாய். தொப்பி போலச் சுருங்கிய மஞ்சள் மிளகாய், காம்போடு, முழுசாக, மிதந்துகொண்டிருந்தது. அது ஒன்றும் செய்யவில்லை. கிளறவில்லை, கரையவில்லை, கொதிக்கிறவர்களுக்கு ஆலோசனை சொல்லவில்லை. ஆனால் பானை முழுவதும் அதன் வாசம். வாயைத் திறந்தால் சபையே நாசம். திறக்காமல் இருக்கிறவரை எல்லாருக்கும் நன்மை. இப்படியொரு தலைவரைச் சோதிலிங்கம் ஒஸ்லோவில் எந்தச் சங்கத்திலும் கண்டதில்லை. கொஞ்சநேரம் மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு வந்தது கை.

அவருடைய மூளை நோர்வேக்கு வந்து இருபது வருடம் இருக்கும். கை இன்னும் வரவில்லை. அகப்பையால் இரண்டு மணியை எடுத்து விரலுக்கிடையில் நசித்துப் பதம் பார்த்தார். வெந்துவிட்டது. வெந்த தானியத்துக்கு மேலே இரண்டு விரற்கடைத் தண்ணீர் நிற்கிறது. அப்படி நின்றால் என்ன செய்வார்கள்? யாழ்ப்பாணத்தில் கேட்கவே தேவையில்லை. பிடிதுணியைத் தேடினார். சாமியைத் தேரிலிருந்து இறக்குவதுபோல மிளகாயைக் கரண்டியால் ஏந்தி ஒரு தட்டில் எழுந்தருளப் பண்ணினார். மூடியைச் சற்றே விலக்கிப் பிடித்து, பானையைச் சாய்த்து, கஞ்சியை வடித்தார். தொட்டிக்குள் அல்ல, பெரிய கிண்ணமொன்றை வைத்து அதற்குள். கஞ்சியை வெளியே ஊற்றினால் சின்ன வயதில் தலையில் குட்டு விழும், அந்தப் பயமும் கையோடுதான் ஒட்டியிருந்தது.

மிளகாயைத் திரும்ப மேலே ஏற்றினார். பொலுபொலுவென்று கிடந்த தானியத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டார். அடுத்த உரையின் முதல் வசனம்கூட உருவாகிவிட்டது. வடித்த கஞ்சி முன்னால் ஆவி பறக்க இருந்தது. ஒரு கிளாசில் வார்த்து, உப்புக்கல்லொன்றைப் போட்டு, நின்றபடியே குடித்தார்.

முதல் வாயில் தேங்காய்ப்பால். இரண்டாவதில் அவரையின் மண்வாசம். பிறகு கராம்பு, பிறகு பேர் தெரியாத தழை, எல்லாம் போனபிறகு தொண்டையின் அடியிலிருந்து அந்த மிளகாய். உறைப்பாக அல்ல, ஒரு பூவின் மணம்போல. சோதிலிங்கம் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நீரிழிவை மறந்தார், கழகத்தை மறந்தார். ஒரு சனம் கப்பலின் கீழ்த்தட்டில் கிடந்து, கரைசேர்ந்து, அடிபட்டு, விடுதலைப்பட்டு, அத்தனைக்கும் நடுவே இந்தச் சுவையை எப்படி நினைவு வைத்திருந்தது என்று மலைத்துப்போய், கடைசிச் சொட்டுவரை கிளாசைச் சாய்த்துக் குடித்தார்.

கிளாஸ் காலியானபோதுதான் அது உறைத்தது. அவரைச்சாறு, பால், கராம்பு, மணம், புளோறன்ஸின் மத்தியானம் முழுவதும் கிண்ணத்தில் இருக்கிறது. பானையில் இருப்பது அவித்த தானியம். தண்ணீர் முழுக்க உள்ளே போகவேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்ட ஞாபகம், மிகவும் பிந்தி, படியேறி வந்து கதவைத் தட்டியது.

கைத்தொலைபேசியை எடுத்தார்.

“பாமா, ஒரு சின்ன விசயம்.”

“என்னத்தை உடைச்சுப்போட்டியள்?”

“ஒண்டும் உடைக்கேல்லை. வடிச்சனான்.”

மறுமுனையில் ஒரு தள்ளுவண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

“அவள் வடிக்கச் சொன்னவளோ?”

“சொல்லேல்லைத்தான். சோறெண்டால் வடிக்கிறதுதானே, அதை ஆர் சொல்லுறது.”

“சோறே அது? ஐயோ, தொட்டியிக்கை ஊத்திப்போட்டியளே?”

“சீச்சீ. கிண்ணத்திலை கிடக்கு. ஒரு கிளாஸ் மட்டும்...”

“ஒரு கிளாஸ் மட்டும்?”

“குடிச்சிட்டன்.”

சத்தியபாமா கோபத்தில் இருக்கிறாளா, சிரிப்பை அடக்குகிறாளா என்று தெரியவில்லை. பேசியபோது குரல் தாழ்ந்திருந்தது.

“இஞ்சை பாருங்கோ. அந்தப் பொடியன் தட்டைத் தள்ளினானெண்டால், புளோறன்ஸ் உங்களை ஒண்டும் சொல்லமாட்டாள். தன்னைத்தான் சொல்லுவாள். விளங்குதே? கிண்ணத்திலை இருக்கிறதை அப்பிடியே திருப்பி ஊத்துங்கோ. ஊத்திப்போட்டுக் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கோ. உங்கடை கழகத்தைக் கூட்டிக் கண்டனத் தீர்மானம் பிறகு போடலாம்.”

திருப்பி ஊற்றினார். சூட்டைக் கூட்டினார், கூட்டியது அதிகமாகிவிட்டதோ என்று குறைத்தார், குறைத்தது காணாதோ என்று கூட்டினார். கடைசியில் அடியிலிருந்து மெலிதாக ஒரு கருகல் மணம் எழுந்தது. அடிப்பிடித்துவிட்டது. ஒன்றுக்குத் திருப்பி, மூடியைப் போட்டு, இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார்.

அப்போதுதான் பானை பேசியதைக் கேட்டார். முதலில் களகளவென்று ஒரு கூட்டத்தின் சத்தம். பிறகு அந்தக் கூட்டத்திலிருந்து ஒவ்வொருவராக எழுந்து போனதுபோல, குமிழிகள் தனித்தனியே. பிறகு மூடிக்கும் பானைக்கும் இடையே ஒரு மெல்லிய பெருமூச்சு. அதுவும் நின்றது. வெளியே ஸ்கீ நகருக்குப் போகிற ரயில் பனியைக் கிழித்துக்கொண்டு போனது. யன்னல் அதிர்ந்து அடங்கியது. உள்ளே, அவர் கண்ணுக்குத் தெரியாமல், எவருடைய உதவியும் கேட்காமல், அந்தச் சின்ன மணிகள் தங்கள் தண்ணீரைத் தாங்களே குடித்துக்கொண்டிருந்தன. செய்ய வேண்டியதெல்லாம் ஒன்றும் செய்யாதிருப்பது. ஐம்பத்திரண்டு வயதில் அவர் ஏற்ற பொறுப்புகளிலே மிகக் கடினமானது அதுதான். மூடியைத் தூக்கிப் பார்க்கச் சொல்லி விரல்கள் கெஞ்சின. அவர் தூக்கவில்லை. கோயிலில்கூட அத்தனை நேரம் வாயையும் கையையும் ஒருங்கே அடக்கி அவர் நின்றதில்லை.

அவர்கள் வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. முதலில் ஷெல், பனிச் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு. பின்னால் புளோறன்ஸ், முகம் பூட்டிக் கிடந்தது. கடைசியாக வில்னேர். மெலிந்து உயர்ந்தவன், நாற்பது மதிக்கலாம். ஷெல்லின் பெரிய கோட்டுக்குள் நின்றான். கையிலிருந்த துணிப்பையை வாங்க ஷெல் கை நீட்டினார், அவன் கொடுக்கவில்லை. சோதிலிங்கத்துக்குத் தலை குனிந்து வணக்கம் சொன்னான். அக்காவை ‘மடாம்’ என்று கூப்பிட்டான். அந்த ஒரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. விமான நிலையத்திலிருந்து வந்த வழி எப்படி இருந்திருக்கும் என்பதும் அதிலேயே தெரிந்தது.

புளோறன்ஸ் மேசைக்குக் கைகாட்டினாள். அவன் ஏதோ சொன்னான். விமானத்திலேயே சாப்பிட்டுவிட்டானாம். சோதிலிங்கம் மனதுக்குள் தலையில் கைவைத்தார். அந்தப் பொய்யை அவர் நன்றாக அறிவார். கோபித்துக்கொண்டு கலியாணவீட்டுக்குப் போகிற அத்தனை தமிழரும் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார்கள். ஆனாலும் அவன் கோட்டைக் கழற்றாமலே கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தான், பை மடியில்.

புளோறன்ஸ் பானையை அப்படியே தூக்கிவந்து மேசையில் வைத்து மூடியைத் திறந்தாள்.

கறுஞ்சிவப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஒவ்வொரு மணியும் எண்ணெய் பூசியதுபோல மின்னிக்கொண்டு கிடந்தது. நடுவில் அந்த மஞ்சள் மிளகாய் வாடி, மெலிந்து, தோல் மட்டும் எங்கும் கிழியாமல் இருந்தது. வில்னேர் பார்க்காதவன்போல இருந்தான். பிறகு பார்த்தான். கையை நீட்டி, காம்பில் பிடித்து மிளகாயை மெல்லத் தூக்கி, விளக்கு வெளிச்சத்தில் ஒரு சுற்றுத் திருப்பினான். பழுதில்லை. அதைத் தன் தட்டின் ஓரத்தில் வைத்தான். அந்த நேரம்வரை அது அவனுடைய தட்டாக இருக்கவில்லை.

புளோறன்ஸ் ஒரு கரண்டி போட்டாள். அவன் ஒரு வாய் வைத்தான். மென்றான், நெடுநேரம் மென்றான். பல்லுக்கடியில் அந்த மணிகள் ஒவ்வொன்றாக உடைவது சோதிலிங்கத்துக்குக் கேட்பதுபோல இருந்தது. அடுத்த வாய் வைக்காமல் கரண்டியைக் கீழே வைத்தான். புளோறன்ஸ் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வில்னேர் எழுந்தான். பானைக்குள் தலையைக் குனிந்து மூக்கால் இழுத்தான். கருகலைக் கண்டுபிடித்துவிட்டான் என்று சோதிலிங்கம் நினைத்தார். அவன் பெரிய கரண்டியை எடுத்து, மேலே இருந்ததை ஒதுக்கி, அடிவரை இறக்கி, பலங்கொண்ட மட்டும் சுரண்டினான். கறகறவென்று சத்தம். பொன்னும் கறுப்புமாக, ஓடுபோல ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அதைப் பார்த்து அவன் ஒரேயொரு சொல் சொன்னான்: “கிரத்தேன்.” பானையின் அடியில் பிடித்த பொருக்குக்கு அவர்கள் ஊர்ப் பேர் அது, பிள்ளைகள் அடிபடுகிற பங்கு.

புளோறன்ஸ் யன்னலிலிருந்து திரும்பினாள். அடுத்த கணம் அவள் கை கரண்டியில் இருந்தது. அவன் விடவில்லை. அவள் இழுத்தாள். பதினைந்து வருடம் பிரெஞ்சு இலக்கணம் படிப்பித்த, பனியில் வழுக்காத அந்தப் பெண், தன் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டு, தங்கள் மொழியில் எதையோ உரக்கச் சொன்னாள். அவன் அதைவிட உரக்கச் சொன்னான். பை மடியிலிருந்து எப்போதோ விழுந்து மேசைக்கடியில் கிடந்தது. சண்டைதான், சந்தேகமில்லை, ஆனால் இது இரண்டு வருடப் பழையது அல்ல, முப்பது வருடப் பழையது. சோதிலிங்கத்துக்கு மொழி விளங்கவில்லை, ஒன்றைத் தவிர: ‘மடாம்’ என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

துண்டு இரண்டாக உடைந்தது. இருவரும் நின்றபடியே, கையில் பிடித்து, நறுக்நறுக்கென்று தின்றார்கள். தின்றுகொண்டிருக்கும்போதே புளோறன்ஸ் அழத் தொடங்கினாள், தின்பதை நிறுத்தவில்லை. வில்னேர் அவளுடைய கோட்டைப் பார்த்தான். தவறான துளைக்குள் செருகிய பொத்தான் இன்னும் அப்படியே இருந்தது. இடது கையால் அதைக் கழற்றிச் சரியான துளையில் போட்டுவிட்டான்.

சோதிலிங்கம் இதை எல்லாம் சுவரோரம் நின்று பார்த்தார். ஒருவரும் அவரைக் கவனிக்கவில்லை. கவனிக்காதது நல்லதென்று அவருக்கு வாழ்நாளில் முதன்முறையாகத் தோன்றியது.

கொஞ்சம் பொறுத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போன புளோறன்ஸின் கண்ணில் அந்தக் கிண்ணம் பட்டது. உள்விளிம்பில் ஊதா வளையம். பக்கத்தில் அதே வளையத்தோடு ஒரு கிளாஸ். அவள் இரண்டையும் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள்.

“தண்ணீரை வெளியே எடுத்தீர்களா?”

“யா.”

“பிறகு?”

“திரும்ப ஊற்றினேன்.”

“முழுவதையுமா?”

சோதிலிங்கம் தன் வயிற்றைத் தொட்டுக் காட்டினார். “ஒரு கிளாஸ் இங்கே இருக்கிறது.” ஏதேனும் விளக்கம் சொல்லலாம் என்று நாக்கு எழுந்தது, நம் மரபில் கஞ்சி என்பது என்று தொடங்கலாம். மிளகாயை நினைத்துக்கொண்டு வாயை மூடினார்.

வில்னேர் என்னவென்று கேட்டான். புளோறன்ஸ் சொன்னாள். அவன் திரும்பி அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தான், பிறகு சிரித்தான். அந்த வீட்டில் அவன் சிரித்த முதற் சிரிப்பு ஒரு தலைவரின் செலவில் நிகழ்ந்தது. சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னான்.

“எங்கள் வீட்டிலே, சட்டியிலிருந்து களவாகக் குடிக்கிறவன்தான் சட்டி கழுவவேண்டும் என்கிறான்” என்றாள் புளோறன்ஸ். “அம்மாவின் சட்டம். அவன்தான் எப்போதும் கழுவுவான்.”

முதலில் அவர்கள் அவரையும் ஷெல்லையும் உட்காரவைத்துச் சாப்பிடப் பண்ணினார்கள். வில்னேர் தன் தட்டை வழித்து முடித்து, இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினான். கோட்டைக் கழற்றிக் கதிரையில் போட்டான். துணிப்பையைத் திறந்தபோது அதற்குள் இருந்ததும் பிட்டிமிதான், ஊரில் உரலில் குத்தியது. அதை எடுத்து அக்காவின் அலமாரியில், தன் கையாலேயே, சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தான்.

வேலை முடிந்து வந்த சத்தியபாமா, எதிர்க்கதவு திறந்திருக்கக் கண்டு எட்டிப்பார்த்தாள். மேசையில் அக்காவும் தம்பியும் தலையோடு தலை வைத்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். தொல்தானிய மீட்புக் கழகத்தின் தலைவர் கைச்சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டு, தொட்டியில் ஒரு பெரிய பானையை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா,” என்றாள் மெதுவாக, “சாப்பிட்டவனோ?”

அவர் பானையைச் சாய்த்து அவளுக்குக் காட்டினார். அடி அவ்வளவு சுத்தமாகச் சுரண்டப்பட்டிருந்தது, கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இருக்கவில்லை. சமையலறை விளக்கு முழுசாக அதில் தெரிந்தது. ஆனாலும் அவர் திரும்பவும் குனிந்து கழுவினார்.